கயிறு பிடிப்பவர்: முத்துக்குளித்துறையின் காப்பகங்களில் பணியாளரும் அன்றாட வாழ்வும்

ஒரு காப்பகத்தின் தரத்தை அதன் கட்டடத்தைக் கொண்டும், கட்டில்களின் எண்ணிக்கையைக் கொண்டும், கூடத்துச் சுவரில் பதித்த நன்கொடையாளர் கல்வெட்டைக் கொண்டும் மதிப்பிடும் பழக்கம் ஆய்வு அறிக்கைகளிலும் பொதுமக்கள் பேச்சிலும் ஒருசேர வேரூன்றியிருக்கிறது. அங்கே வாழ்பவருக்கோ இவையெல்லாம் இரண்டாம்பட்சம். நள்ளிரவு கடந்து 2 மணிக்கு அந்த இல்லத்தில் விழித்திருக்கும் பணியாளர் எத்தனை பேர், உறங்குவோரை அவர்களுக்கு எத்தனை மாதமாகத் தெரியும் என்ற இரண்டு கேள்விகளுக்கான விடையில்தான் அவருடைய உயிரும் மானமும் இருக்கின்றன. தூத்துக்குடியை நடுவாகக் கொண்டு, கன்னியாகுமரி முதல் இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவை ஒட்டிக் கிடக்கும் முத்துக்குளித்துறைக் கரை அந்தக் கேள்விகளுக்குத் தந்த விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். காப்பகம் என்ற சொல் இங்கே முதியோர் இல்லம், ஆதரவற்ற குழந்தைகள் இல்லம், மனநோயுற்றோர் தங்கும் இல்லம் ஆகிய மூன்றையும் குறிக்கும். மூன்றுக்கும் சட்டமும் துறையும் வேறுவேறானாலும் ஆள் பற்றாக்குறை மூன்றிலும் ஒரே முகத்தோடுதான் வருகிறது.

இந்தக் கரைக்குக் காப்பகம் புதிதன்று. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் இயேசு சபைத் துறவி என்றிக்கே என்றீக்கசு நோயாளிகளுக்கென ஒரு மருத்துவ இல்லத்தை நடத்தினார். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம் பெற்றோரை இழந்த குழந்தைகளை ஊரூராக விட்டுச் சென்றபோது, நாசரேத்தில் மறைபணியாளர் மர்காசிசு அந்தக் குழந்தைகளுக்குத் தங்குமிடமும் தொழிற்பள்ளியும் அமைத்தார். திருச்செந்தூரை அடுத்த அடைக்கலாபுரத்தில் புனித சூசை அறநிலையம் இருக்கிறது. அந்த ஊரின் பெயரே அதன் பணியைச் சொல்லிவிடும். 1923இல் தூத்துக்குடி மறைமாவட்டம் தனியாக உருவான பிறகு கன்னியர் மடங்களைச் சார்ந்த இல்லங்களும் பெருகின. பஞ்சம், கொள்ளைநோய், புயல், கடலில் போன தகப்பன் என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. இன்றைய காரணம் வளைகுடா நாட்டுக்கோ சென்னைக்கோ சரக்குக் கப்பலுக்கோ வேலைக்குப் போன பிள்ளைகள்.

காப்பகங்களைக் காட்டிலும் பழைய ஓர் ஏற்பாடும் இக்கரைக்கு உண்டு. பணியாளர் என்ற பொருளைப் புரிந்துகொள்ள அதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. முத்துக் குளிப்பவர் தம் காலைக் கல் கட்டிய கயிற்றின் வளையத்தில் நுழைத்துக்கொண்டு கடலடிக்கு இறங்குவார்; அவர் இடுப்போடும் கூடையோடும் இணைந்த மற்றொரு கயிற்றின் மறுமுனை படகில் நிற்கும் ஒருவரின் கையில் இருக்கும். மூச்சு முட்டும் நேரத்தில் கீழிருந்து வரும் ஒரு சின்ன இழுப்பை அந்தக் கை உணர வேண்டும். உணர்ந்ததும் தாமதிக்காமல் மேலே இழுக்க வேண்டும். தங்கை விதவையாகிவிடக் கூடாது என்ற அக்கறை இருக்கும் என்பதால் மைத்துனரையே கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று இக்கரையில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1955இல் தொடங்கி 1961இல் முடிந்த முத்துக்குளிப்பு வரிசையோடு அந்தத் தொழில் இங்கே நின்றுபோனது. சங்கு குளிப்பு மட்டும் தொடர்ந்தது. ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் இருந்த அறிவு கவனத்துக்குரியது. ஒரு குளியாளிக்கு ஒரு கயிறு, ஒரு கயிற்றுக்கு ஒரு கை, அந்தக் கைக்கு உரியவர் குளியாளியை அறிந்தவர், அவர் வேலை நேரம் முழுதும் வேறெதையும் கவனிக்காதவர் என்ற நான்கு நிபந்தனைகளும் எழுதப்படாமலேயே கடைப்பிடிக்கப்பட்டன.

அதே கரையில், கீழக்கரையை அடுத்த ஏர்வாடியில், கயிறும் சங்கிலியும் நேர் எதிரான வேலைக்குப் பயன்பட்டன. சுல்தான் சையிது இப்ராகிம் சகீது அடங்கிய தர்காவுக்கு மனநோயுற்றோரை அழைத்து வருவது பல தலைமுறை வழக்கம். சாதி மத வேறுபாடின்றித் தமிழகத்தின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மக்கள் வந்தார்கள். தர்காவின் நீரும் விளக்கின் எண்ணெயும் நோய் தீர்க்கும் என்றும், குணமானதும் ஊர் திரும்பும்படி கனவில் உத்தரவு வரும் என்றும் நம்பிக்கை இருந்தது. உத்தரவு வர மாதங்களும் ஆண்டுகளும் ஆனபோது, உடன் வந்த உறவினர் பிழைப்பைத் தேடி ஊர் திரும்ப வேண்டியிருந்தது. நோயாளியை மாதக் கட்டணத்துக்குப் பார்த்துக்கொள்ளத் தனியார் கொட்டகைகள் முளைத்தன. ஊர் திரும்பிய உறவினரின் இடத்தை அந்தக் கொட்டகைகளில் நிரப்பியது சங்கிலி.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியுமுன், அந்தக் கொட்டகைகளில் ஒன்று தீப்பிடித்தது. ஓலைக் கூரை, உள்ளே 40 பேருக்கு மேல் இருந்தார்கள், பெரும்பாலோர் சங்கிலியில். 25 பேர் அங்கேயே இறந்தார்கள். மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்தால் 28 பேர். சங்கிலி இல்லாதவர்கள் தப்பினார்கள். ஒரு வாரத்துக்குள் அப்பகுதியின் இத்தகைய இல்லங்கள் யாவும் மூடப்பட்டு, அங்கிருந்த நூற்றுக்கணக்கானோர் குடும்பத்திடமோ அரசு மருத்துவமனைகளிடமோ ஒப்படைக்கப்பட்டார்கள். மாநில அரசு இராமதாசு விசாரணை ஆணையத்தை அமைத்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, இத்தகைய இல்லங்களைக் கணக்கெடுக்கும்படியும் ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு மனநல மருத்துவமனையாவது இருக்க வேண்டும் என்றும் 2002இல் உத்தரவிட்டது.

ஏர்வாடியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மூடநம்பிக்கைக்கும் மருத்துவத்துக்கும் இடையிலான போராட்டமாகவே நடந்துவந்திருக்கிறது. அப்படிப் பார்ப்பதில் ஒரு பெரிய உண்மை மறைந்துபோகிறது. தர்காவில் வேண்டிக்கொண்டதால் அந்த 28 பேர் சாகவில்லை. இரவில் ஒருவர் எழுந்து வெளியே நடந்தால் கூடவே நடக்கவோ, கூச்சலிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து அமர்த்தவோ, கழிப்பறைக்குக் கைபிடித்துக் கூட்டிச் செல்லவோ சம்பளம் கொடுத்து ஆள் வைக்கவில்லை. அதனால் சங்கிலி வந்தது. சங்கிலி இருந்ததால் தீயிலிருந்து ஓட முடியவில்லை. பூட்டு, சங்கிலி, கட்டிலோடு கட்டும் துணி, தேவைக்கு மேல் தரப்படும் தூக்க மாத்திரை ஆகிய நான்கும் ஒரே வகைப் பொருள்கள். ஒவ்வொன்றும் இல்லாத பணியாளர் ஒருவரின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. ஓலைக் கொட்டகை போய்க் கான்கிரீட் கட்டடம் வந்த பின்னும், அந்த நாற்காலியில் ஆள் அமராதவரை ஏர்வாடியின் கதை முடிந்ததாகக் கொள்ள முடியாது.

இந்த உண்மையைச் சட்டமே ஓரிடத்தில் வெளிப்படையாக ஒத்துக்கொண்டிருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, தன் 95ஆம் பிரிவில் நோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பேசும் 97ஆம் பிரிவு, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடும் எழுத்துப் பதிவோடும் அதைச் செய்யலாம் என்று வரையறுத்துவிட்டு, பணியாளர் பற்றாக்குறை என்ற காரணத்தைக் காட்டி அதைக் கையாளக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. இந்திய நலச் சட்டங்களில் இதற்கு இணையான நேர்மையுள்ள வாசகம் மிகக் குறைவு. அந்த வாசகம் எழுதப்பட வேண்டி வந்ததே, ஆள் இல்லாததால்தான் ஆட்களைக் கட்டிப்போடுகிறார்கள் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று. அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு இன்னும் நுணுக்கமாக இறங்குகிறது: விரும்பினால் சொந்த உடையை உடுத்தும் உரிமை, சீருடைக்குக் கட்டாயப்படுத்தப்படாமை, தலையை மழிக்கக் கட்டாயப்படுத்தப்படாமை, கூலியின்றி வேலை வாங்கப்படாமை, அந்தரங்கம். ஒரு மனிதரிடமிருந்து காப்பகம் எடுத்துக்கொள்ளக்கூடிய பொருள்களின் பட்டியலாகவும் இதைப் படிக்கலாம்.

தடைகளில் இவ்வளவு தெளிவாக இருக்கும் சட்டங்கள், எத்தனை பேர் வேண்டும் என்ற கேள்விக்கு வரும்போது தயங்குகின்றன. இதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்கு உதவும். ஓர் இடத்தில் ஒருவர் இரவும் பகலும் இடைவிடாமல் இருக்க வேண்டுமானால் வாரத்துக்கு 168 மணி நேரம் நிரப்பப்பட வேண்டும். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 6 நாள் என்ற முறையில் ஒரு பணியாளர் 48 மணி நேரம் வேலை செய்வார். ஆக, ஒரே ஒரு காவலிடத்துக்கு மூன்றரைப் பணியாளர் வேண்டும்; திருவிழா, பிரசவம், காய்ச்சல் ஆகியவற்றுக்கான விடுப்பைச் சேர்த்தால் நான்கு பேர். இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் 2016இல் வெளியான மாதிரி விதிகள், 100 குழந்தைகள் உள்ள இல்லத்துக்குக் கண்காணிப்பாளர் முதல் பகுதிநேரத் தோட்டக்காரர் வரை 25 பணியிடங்களைக் காட்டுகின்றன. அவற்றில் குழந்தைகளோடு வாழும் பொறுப்புள்ள இல்லத் தாய் அல்லது இல்லத் தந்தை 4 பேர். மேலே கண்ட கணக்கின்படி நான்கு பேர் என்றால் எந்த நேரத்திலும் ஒருவர். 100 குழந்தைகளுக்கு இரவில் ஒரு தாய்! அந்த 4 பேரும் இல்லத்திலேயே குடியிருந்து, தூக்கத்தையும் சொந்தக் குடும்பத்தையும் விட்டுக்கொடுத்தால் மட்டுமே இந்த எண் சற்று மேம்படும். பணியாளரின் தியாகத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்துப் போடப்பட்ட விதி என்று இதைச் சொல்வதில் தவறில்லை.

முதியோர் நிலை இன்னும் தளர்ச்சியானது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, தன் 19ஆம் பிரிவில் மாவட்டத்துக்கு ஒன்றாவது என்ற கணக்கில், குறைந்தது 150 வறிய முதியோர் தங்கக்கூடிய இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. 'அமைக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லின் இடைவெளியில் பல மாவட்டங்கள் தப்பித்துக்கொண்டன. இல்லத்தின் தரம், மருத்துவ வசதி, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கான திட்டத்தை வகுப்பதும் மாநிலத்தின் விருப்பத்துக்கே விடப்பட்டது. 150 என்ற எண்ணும் ஆராயத்தக்கது. அது ஒரு சிறு ஊரின் தெருக்கூட்டம். அத்தனை பேரின் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் மருந்தையும் ஒரு பணியாளர் மனத்தில் வைத்திருக்க இயலாது. தமிழ்நாடு அரசு தொண்டு நிறுவனங்கள் வழியாக நடத்தும் ஒருங்கிணைந்த வளாகங்கள் 25 முதியோரையும் 25 ஆதரவற்ற குழந்தைகளையும் ஒரே வளாகத்தில் வைத்துப் பார்க்கின்றன. அளவிலும் எண்ணத்திலும் இதுவே மேலான வழி. தாத்தா பாட்டி இல்லாத குழந்தைகளும் பேரப்பிள்ளைகளைப் பிரிந்த கிழவர்களும் ஒரே கூடத்தில் உண்பதில் கிடைக்கும் உறவைப் பணியாளர் யாரும் செய்து தர முடியாது.

ஆனால் 25 பேர் என்பதும் எளிதன்று. உதாரணத்துக்கு, அவர்களில் 6 பேர் படுக்கையில் கிடப்பவர்கள் என்று கொள்வோம். தொடர்ந்து ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்பு முட்டும் இடங்களில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தோல் அழுகும். படுக்கைப் புண் எனப்படும் இதைத் தடுக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது செவிலியத்தில் நெடுங்கால நடைமுறை. 8 மணி நேர இரவில் ஒருவரை 4 முறை. 6 பேரை 24 முறை. நனைந்த துணியை மாற்றி, முதுகைத் துடைத்து, தலையணையைச் செருகிப் புரட்ட 10 நிமிடம் என்றால் 4 மணி நேரம் இதற்கே போகும். எடை மிகுந்தவரைப் புரட்ட இருவர் வேண்டும். அந்நேரத்தில் பக்கத்து அறையில் கழிப்பறைக்கு எழுந்த பாட்டி ஈரத் தரையில் வழுக்கினால் கேட்க ஆள் இல்லை. ஆகவே என்ன நடக்கிறது? இரவு ஆள் ஒருவர்தான் என்ற இடத்தில் டயப்பரை இரவு 8 மணிக்குப் போட்டுக் காலை 6 மணிக்கு எடுக்கிறார்கள். மாலைக்கு மேல் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்கிறார்கள். அது கொடுமைக்காரர் செய்யும் கொடுமையாக இருக்க வேண்டியதில்லை. நல்ல மனம் படைத்த ஓர் ஆயாம்மா, தனியாக விடப்பட்டால், இதையேதான் செய்வார்.

வெளிநாட்டில் இந்தக் கணக்கை மணி நேரத்தில் போடுகிறார்கள். அமெரிக்க அரசுக்காக 2001இல் முடிக்கப்பட்ட ஆய்வு ஒன்று, செவிலியரும் உதவியாளரும் சேர்ந்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 4.1 மணி நேரமாவது தந்தால்தான் தீங்கு தவிர்க்கப்படும் என்று கண்டது. 2024இல் அந்நாடு 3.48 மணி நேரத்தைக் கட்டாயமாக்கி விதி வெளியிட்டது. இல்ல உரிமையாளர் தரப்பு வழக்குத் தொடர, 2025இல் டெக்சாசில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அங்குள்ள இல்லங்களில் இருப்போர் பெரும்பாலும் கடும் நோயாளிகள் என்பதால் இங்குள்ள இல்லத்தோடு அப்படியே ஒப்பிட முடியாது. என்றாலும் அளவைப் புரிந்துகொள்ளலாம்: 25 பேருக்கு 3.48 மணி என்றால் நாளொன்றுக்கு 87 மணி நேரம், அதாவது 8 மணி நேரப் பணிமுறைகள் 11. வார விடுப்பைச் சேர்த்தால் 13 பேருக்குச் சம்பளம். 2023 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாயாக்கப்பட்டது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் கிடக்கும் தூரத்தை இன்றுவரை நிரப்பிவருவது அரிசி மூட்டை கொண்டுவரும் நன்கொடையாளரும், குறைந்த கூலிக்கு இரவில் விழித்திருக்கும் பெண்களும்.

அந்தப் பெண்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. ஆயா, ஆயாம்மா, அக்கா, சிஸ்டர், வார்டன் என்று அழைப்புக்குப் பல பெயர்கள். வேலை ஒப்பந்தத்திலோ பெயரே இராது. உப்பளத்தில் வெயிலில் நின்று கண் கூசிப் போனவர்களும், கணவர் கடலில் போன மீனவப் பெண்களும், பிள்ளைகளைப் படிக்க வைக்க மாதச் சம்பளம் தேடுபவர்களும் இவ்வேலைக்கு வருகிறார்கள். பயிற்சி என்பது முந்தைய ஆயா காட்டிக் கொடுத்தது. உப்பளத்தில் ஆள் தேவைப்படும் பருவத்திலோ மீன் பதனிடும் நிறுவனத்தில் கூலி கூடும்போதோ அவர்கள் போய்விடுவதும், புதியவர் வருவதும் வழக்கம். இல்ல நிர்வாகங்கள் இதை நன்றியின்மை என்று பேசுவதுண்டு. சேவை, ஊழியம், புண்ணியம் என்ற சொற்கள் உயர்ந்தவை. அவற்றைச் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுக்கத் தொடங்கும்போது அவை கெட்டுப்போகின்றன. இலண்டன் பயிற்சி மருத்துவமனை ஒன்றின் செவிலியரை ஆராய்ந்து 1960இல் எழுதிய இசபெல் மென்சீசு, பிறர் வலியோடு நாள்தோறும் நெருங்கி நிற்கும் அச்சத்திலிருந்து தப்ப, மருத்துவமனைகள் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடுகின்றன என்று காட்டினார்: ஒருவர் எல்லோருக்கும் காய்ச்சல் பார்ப்பார், மற்றொருவர் எல்லோரையும் குளிப்பாட்டுவார், எவரும் எவரையும் அறியமாட்டார். ஆள் குறைந்த காப்பகம் இதே வழிக்குத் தானாகவே வந்து சேர்கிறது.

அறிந்த கை என்பது ஆறுதலுக்கான பேச்சு மட்டுமன்று என்பதற்கு ருமேனியாவிலிருந்து உறுதியான சான்று உண்டு. புக்கரெசுட்டு நகரக் காப்பகங்களிலிருந்த 136 குழந்தைகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களிடம் கொடுத்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வாளர்கள், குடும்பத்துக்குச் சென்றவர்களின் அறிவு வளர்ச்சியும் பிறரோடு ஒட்டும் தன்மையும் மேம்பட்டதையும், இரண்டு வயதுக்கு முன்பே சென்றவர்களிடம் அது மிகுதியாக இருந்ததையும் பதிவு செய்தார்கள். காப்பகத்திலும் பாலும் படுக்கையும் இருந்தன. மாறி மாறி வந்த பணியாளரில் எவரும் அந்தக் குழந்தைக்கு உரியவராக இருக்கவில்லை.

இதே உண்மையை நூறாண்டுக்கு முன்பே பட்டறிந்த ஓர் இல்லம் திருநெல்வேலிச் சீமையில் உண்டு. அதன் தொடக்கம் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில். பெருங்குளத்தில் பொட்டுக்கட்டுவதற்காகக் கோயிலைச் சார்ந்த பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி, ஒருமுறை தூத்துக்குடியிலிருந்த தாயிடம் தப்பி ஓடி, தாயாலேயே திருப்பி அனுப்பப்பட்டவள். 1901 மார்ச்சில் மீண்டும் தப்பிப் பண்ணைவிளைக்கு வந்து மறைபணியாளர் ஏமி கார்மைக்கேலிடம் சேர்ந்தாள். அவளிலிருந்து தொடங்கியது டோனாவூர் ஐக்கியம். கைக்குழந்தைகள் வரத் தொடங்கியதும் இல்லம் கற்ற முதல் பாடம் சாவு: தாய்ப்பாலும் போதிய கைகளும் இல்லாமல் குழந்தைகள் நோயில் இறந்தார்கள். பின்பு நெய்யூர் மருத்துவமனையின் அருகில் குழந்தைகள் பிரிவு அமைந்து, பொன்னம்மாள் என்ற கைம்பெண் அதை ஏற்றார். பால் அளவு, கொதிநீர், தூக்க நேரம் என்று எல்லாவற்றையும் வரையறுத்தவர் அவர். 1915இல் அவர் இறந்தபின் கார்மைக்கேல் அவரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஓர் இல்லப் பணியாளரின் வாழ்க்கை வரலாறு அச்சேறியது அன்றைய இந்தியாவில் அபூர்வம்.

டோனாவூரில் குழந்தைகள் தம்மை வளர்ப்போரைச் சித்தி என்றும் அக்காள் என்றும் அண்ணாச்சி என்றும் அழைத்தார்கள், கார்மைக்கேல் அம்மா. முறைப்பெயர் அங்கே மரியாதைக்குச் சொன்ன சொல்லாக நின்றுவிடவில்லை. ஒரு சித்திக்கு இன்னின்ன பிள்ளைகள் என்று இருந்தது, அந்தச் சித்தி ஆண்டுகள் கடந்தும் அங்கேயே இருந்தார். 1931இல் விழுந்து அடிபட்ட கார்மைக்கேல் 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்தார். நிறுவியவரே இருபது ஆண்டு காலம் அந்த இல்லத்தின் பராமரிப்பில் வாழ நேர்ந்தது. அவரைப் பார்த்துக்கொண்டவர்கள் அவர் வளர்த்தவர்களும் அவரோடு வாழ்ந்தவர்களும். ஆயினும் இதை இன்றைக்கான மாதிரியாக அப்படியே எடுத்து வைப்பது நியாயமாகாது. சம்பளமும் திருமணமும் வேண்டாம் என்று வாழ்வையே கொடுத்த பெண்களின்மேல் எழுந்த ஏற்பாடு அது. மதமாற்றம் பற்றிய கேள்விகளும் அதன் வரலாற்றோடு ஒட்டியவை. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டென்றால், பணியாளர் நிலைத்திருப்பதையும், இன்னாருக்கு இன்னார் என்ற பொறுப்பையும் எப்படியாவது விலைகொடுத்து வாங்கியாக வேண்டும் என்பதுதான். அன்று துறவு கொடுத்த அந்த விலையை இன்று சம்பளமும் விடுப்பும் வருங்கால வைப்பு நிதியும்தான் கொடுக்க முடியும்.

ஆள் குறைவு உயிரை மட்டும் தொடுவதில்லை. நாளின் வடிவத்தையே மாற்றுகிறது. வாசிங்டனின் ஒரு மனநல மருத்துவமனையில் 1955-56இல் தங்கி ஆராய்ந்த எர்விங் கோஃப்மன், உறங்குவது, உண்பது, உழைப்பது எல்லாம் ஒரே இடத்தில் ஒரே அதிகாரத்தின்கீழ்க் கூட்டம் கூட்டமாக நடக்கும் இடங்களை 'முழு நிறுவனம்' என்று அழைத்தார். மனிதர் அங்கே தொகுதியாக நடத்தப்படுகிறார் என்பது அவர் கண்டது. சமையல்காரர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்பதால் இரவுச் சாப்பாடு மாலை 6 மணிக்கு வைக்கப்படும் இல்லத்தில் இதைக் கண்கூடாகக் காணலாம். துவைத்த புடவைகள் பொதுக் குவியலில் விழுந்து யார் கைக்கு எது வருகிறதோ அதை உடுத்துவது, தலைவாரி விட ஆள் இல்லாததால் பாட்டிகளுக்கு முடியைக் கத்தரிப்பது, குளியலுக்கு வரிசையில் நிறுத்துவது எல்லாம் இதன் கிளைகள். வாழ்நாள் முழுக்கச் சாளையும் நெத்திலியும் ஊளியும் இல்லாமல் சோறு இறங்காதவருக்கு, நன்கொடையாளர் பிறந்தநாளுக்குத் தரும் சாம்பாரும் கேசரியும் ஆண்டு முழுவதும் வருகின்றன; கடல் காற்று சன்னலில் வீசும் தொலைவில் இருந்துகொண்டு மீன் குழம்புக்கு ஏங்குகிறார். மீனுக்குச் செலவு அதிகமில்லை; முள் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்பதே தடை. எலன் லாங்கரும் சூடித் ரோடினும் 1976இல் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் நடத்திய சோதனையில், தாமே தேர்ந்து தாமே நீரூற்றும் ஒரு செடியும், எந்த இரவு படம் பார்ப்பது என்று முடிவு செய்யும் உரிமையும் பெற்றவர்கள் பிறரைவிட உற்சாகமாக இருந்தார்கள்.

இல்லத்தைச் சிறிதாக்கிப் பார்ப்பது ஒரு வழி. 1993இல் சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பான்யன் அமைப்பு, மருத்துவமனையில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த பெண்களை 2015 முதல் நான்கைந்து பேராகச் சேர்த்து ஊருக்குள் வாடகை வீடுகளில் குடியமர்த்தி வருகிறது. உடனிருந்து உதவ அந்த வட்டாரப் பெண்களே பயிற்சி பெற்று வேலைக்கு வருகிறார்கள். கடைக்குப் போவது, குழம்பு என்ன என்று சண்டையிடுவது, பொங்கலுக்குக் கோலம் போடுவது எல்லாம் அங்கே திரும்பி வருகின்றன. ஏர்வாடியிலும் தர்காவை விலக்காமல், அதன் வளாகத்திலேயே மருந்தும் வேண்டுதலும் அருகருகே நடக்கும் ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. சங்கிலிக்குப் பதில் பூட்டு என்ற இடத்தில் நிற்காமல், பூட்டுக்குப் பதில் ஆள் என்ற இடம்வரை வந்தவை இவை.

ஆய்வுக்கு வரும் அலுவலர் பகலில் வருகிறார். பதிவேடு, கழிப்பறை, தீயணைப்புக் கருவி, சமையலறைச் சுத்தம் ஆகியவற்றைப் பார்க்கிறார். இவை வேண்டியவையே. ஆனால் இரவுப் பணி அட்டவணையையும், ஒவ்வொரு பணியாளரும் சேர்ந்த தேதியையும், கடந்த ஓராண்டில் விலகியவர் எண்ணிக்கையையும், தூக்க மாத்திரை எத்தனை பேருக்கு என்பதையும் கேட்காத ஆய்வு, காப்பகத்தின் பாதியைக் கூடப் பார்ப்பதில்லை. இந்தக் கடைசிக் கேள்வி இக்கரைக்குத் தனிப் பொருள் உடையது. ஐம்பது ஆண்டு வள்ளத்தில் போனவரின் உடல், கரைக்காற்று எழும் 3 மணிக்குத் தானாக விழித்துக்கொள்ளும். மகன் கொண்டுவந்து இல்லத்தில் விட்ட பின்னும் அது மறப்பதில்லை. எழுந்து, இருட்டில் கதவைத் தடவிக்கொண்டு வெளியே போகப் பார்க்கும் அவரைப் பற்றிப் புதிய பணியாளர் 'தூக்கமின்மை, இரவில் அலைகிறார்' என்று பதிவேட்டில் எழுதுவார். மருத்துவர் வரும் நாளில் மாத்திரை வரும். மாத்திரைக்குப் பின் பகலிலும் தலை தொங்கும். அவரை இரண்டு ஆண்டாக அறிந்த ஒருவர் அந்த இரவில் விழித்திருந்தால், திண்ணை விளக்கைப் போட்டு, நாற்காலியைக் கடல் பக்கமாகத் திருப்பி, உடன்குடிக் கருப்பட்டி போட்ட ஒரு டம்ளர் காப்பியைக் கையில் கொடுத்து, இன்றைக்குக் காற்று எப்படி என்று கேட்பார்.